நாற்பத்தொரு நரம்புகள், ஒரே கை

அந்த வாக்கியம் என்னுடையது. சொன்ன நாள்கூட எனக்கு நினைவிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏழு மணி இருக்கும், டென்னிஸ் கிளப் கோர்ட்டில் வலைக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னேன்: "பந்து வந்து உக்காந்து, கொஞ்சம் யோசிச்சுட்டுப் போகுதுங்க." என் வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

இப்போது அது விளையாட்டுச் சாமான் கடையில், கொக்கியில் தொங்குகிற, மட்டையில் கட்டும் ஸ்ட்ரிங் இருக்கிற ஒரு பளபளப்பான பாக்கெட்டின் மேல் அச்சாகியிருந்தது. 'பந்து வந்து அமர்ந்து, சற்றே யோசித்துவிட்டுச் செல்கிறது.' கீழே என் வீட்டுக்காரரின் படம். தலையில் தொப்பி, தோளில் மட்டை, முகத்தில் உலகத்தையே ஜெயித்துவிட்டு வந்த களைப்பு. படத்துக்குக் கீழே அவர் பெயர், பெயருக்குக் கீழே 'ஸ்ட்ரிங் நிபுணர்'.

நான் ஈய நாடா வாங்கப் போயிருந்தேன். மட்டையின் எடையைக் கூட்டுவதற்கு ஒட்டுகிற மெல்லிய நாடா அது. கடைக்காரர் நாடாவைத் தேடிக்கொண்டே பெருமையாகச் சொன்னார்.

"பார்த்தீங்களா மேடம்? சார் எழுதுனதுதான். கம்பெனியே தேடி வந்து போட்டிருக்கு. அவர் வெப்சைட்டைப் படிக்காம எங்க கஸ்டமர் யாரும் ஸ்ட்ரிங் வாங்குறதில்ல."

"எந்த வெப்சைட்டு?" என்றேன்.

கடைக்காரர் என்னைப் பாவமாகப் பார்த்தார். பிறகு ஏதோ புரிந்தவர் மாதிரி சிரித்துக்கொண்டு, கல்லாவுக்கு அடியிலிருந்து வண்ண அட்டையை எடுத்து என் முன்னால் விரித்தார். ரோஸ், ஆரஞ்சு, இளநீலம், பச்சை. நான் கடைக்கு வரும்போதெல்லாம் அந்த மனிதர் அந்த அட்டையை எடுத்து நீட்டுவார். நானும் ஒரு வருஷத்துக்கு மேலாக அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கேயே ஷூ போட்டுப் பார்க்கிற முக்காலியில் உட்கார்ந்து, போனில் தேடி, நாற்பத்தொரு கட்டுரைகளையும் படித்தேன்.

எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் புரியாது. எங்களிடம் ஒரே மாதிரி மட்டைகள் மூன்று உண்டு. ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஆனால் ஒரே மாடல் என்பதெல்லாம் பெட்டியின் மேல் எழுதுகிற பேச்சு. தராசில் வைத்தால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நாலைந்து கிராம் இடிக்கும். ஒன்று தலைப்பக்கம் கனக்கும், ஒன்று பிடிப்பக்கம். இப்படிப்பட்ட மட்டைகளில் மூன்று வகை ஸ்ட்ரிங்கைக் கட்டி எது நல்லது என்று பார்த்தால், ஸ்ட்ரிங்கின் குணம் எது, மட்டையின் குணம் எது என்று ஒருத்தராலும் சொல்ல முடியாது. முதலில் மூன்றையும் சமமாக்க வேண்டும். அந்த வேலை என்னுடையது.

நான் பல் செட் செய்கிற கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு செயற்கைப் பல் காகிதத் தடிமன் அளவு உயர்ந்திருந்தாலும் போட்டுக்கொள்பவரால் மெல்ல முடியாது. அந்தக் காகிதத் தடிமனைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிச் சொல்லிவிடுவேன். பதினெட்டு வருஷப் பழக்கம். கூடத்தில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கைக் காட்டுகிற தராசு உண்டு. முதலாளியம்மாவிடம் கேட்டுக்கொண்டு, மதிய இடைவேளையில் மட்டைகளை அதில் நிறுத்துவேன். எது அதிகக் கனமோ அதற்கு மற்ற இரண்டையும் ஏற்ற வேண்டும். ஏற்றத்தான் முடியும், இறக்க முடியாது. பென்சிலைக் குறுக்கே வைத்து, மட்டை எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்று பார்ப்பேன். பிறகு வீட்டுக்கு வந்து, குளியலறைக் கதவின் கொக்கியில் தொங்கவிட்டு ஆட்டி, பத்து ஆட்டத்துக்கு எவ்வளவு நேரமாகிறது என்று கணக்குப் பார்த்து, ஈயத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தலையிலும் பிடியிலும் ஒட்டுவேன். கடைசியில் மூன்று மட்டையும் கையில் ஒன்றுபோலவே இருக்கும். மூன்றில் எதைக் கையில் வாங்கினேன் என்று எனக்கே தெரியாது.

ஸ்ட்ரிங் கட்டுகிற வேலை அவருடையது. அதில் குறை சொல்ல மாட்டேன், சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். சாப்பாட்டு மேஜையில் திருகி நிறுத்தியிருக்கிற அந்த மிஷினில், அவர் அரை மணி நேரம் வாய் பேசாமல் உட்கார்ந்து கட்டினால், ஒரு கம்பியும் முன்னே பின்னே போகாது. முடிச்சுகூட அழகாக இருக்கும். வாலைச் சரியாக அரை விரலுக்கு விட்டு, உள்பக்கமாகச் சாய்த்து வெட்டுவார்.

எது எந்த ஸ்ட்ரிங் என்று என்னிடம் சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றாகக் கொடுப்பார். நான் ஆடுவேன். எதிர்ப்பக்கம் என் நாத்தனார் நிற்பாள். அவருடைய தங்கை, மாடி வீட்டில் குடியிருக்கிறாள், எங்களைவிட நன்றாக ஓடுவாள். ஆடிவிட்டு, கைக்குப் பட்டதை நான் சொல்வேன். பாலியஸ்டர் வகை நரம்பு பந்தைச் சுழற்றிவிடும், ஆனால் முழங்கையைத் தின்னும். (அவர்களெல்லாம் ஸ்ட்ரிங் என்பார்கள், எனக்கு அது நரம்புதான்.) நைலான் வகை மெத்தென்று இருக்கும், ஆனால் அரை மணியில் கலைந்துபோய் விரலால் நேராக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நீளவாட்டில் ஒன்று, குறுக்குவாட்டில் ஒன்று என்று கலந்து கட்டினால் இரண்டின் குணமும் வரும், சில நேரம் இரண்டின் கெட்ட குணமும் வரும்.

அவரும் ஆடிப் பார்ப்பார். ஆடிவிட்டு ஒவ்வொரு தடவையும் சொல்வது ஒன்றுதான்: "எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு எனக்கு. நீ சொல்லு, நீ சொல்லு."

நோட்டில் எழுதுவது எங்கள் இருவருக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நான் திறந்து பார்த்ததில்லை. என் வாயிலிருந்து வந்ததை நானே எதற்குப் படிக்க வேண்டும்?

முக்காலியில் உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது. 'என் மணிக்கட்டு உடனே எச்சரித்தது' என்று எழுதியிருந்தார். எச்சரித்தது என் மணிக்கட்டு. 'கையில் எடுத்ததுமே தலைப்பக்கம் இரண்டு கிராம் கூடுதல் என்று உணர்ந்தேன்' என்று எழுதியிருந்தார். உணர்ந்தது நான். அவர் அப்போது வண்டியில் பந்து டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். பதினேழாவது கட்டுரையைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அந்த நரம்பில் ஆடிய மறுநாள் முழங்கை வீங்கி, என்னால் தலை பின்ன முடியவில்லை. நாத்தனார்தான் ஒரு வாரம் பின்னிவிட்டாள். அதை அவர், 'மறுநாள் காலையில் என்னால் தலை சீவக்கூட முடியவில்லை' என்று எழுதியிருந்தார். அவருக்குத் தலையில் முடி உதிர்ந்து ஒன்பது வருஷமாகிறது. பாக்கெட்டில் தொப்பி எதற்கு என்று நினைக்கிறீர்கள்?

வலியைக்கூட விட்டுவைக்கவில்லை இந்த மனிதர். அனுபவித்தது நான், அனுதாபம் அவருக்கு. கட்டுரைக்கு அடியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் 'கையைப் பார்த்துக்கொள்ளுங்கள் சார்' என்று எழுதியிருந்தார்கள்.

இதோடு நின்றிருந்தால்கூட நான் ஒரு சண்டையோடு விட்டிருப்பேன். இருபத்தி நாலாவது கட்டுரையில் நானும் வந்தேன். மொத்த நாற்பத்தொன்றில் அந்த ஓர் இடத்தில் மட்டும்.

'என் மனைவியிடம் இந்த மூன்றையும் கொடுத்துக் கருத்துக் கேட்டேன். எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது, இதில் ரோஸ் கலர் கிடைக்குமா என்றாள்.'

அதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிக விருப்பக் குறிகள். சிரிக்கிற பொம்மை முகங்கள் வரிசை வரிசையாக.

கடைக்காரரின் வண்ண அட்டை அப்போதுதான் புரிந்தது. கிளப்பில் இளவட்டங்கள் என்னைப் பார்த்ததும், "அக்கா, ரோஸ் வந்துருச்சா?" என்று கேட்பதும், நான் ஒன்றும் விளங்காமல் சிரித்துவைப்பதும் புரிந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக எல்லோருக்கும் நான் ஒரு ஜோக். ஜோக் என்னவென்று எனக்கு மட்டும் தெரியாது. அதையும் எதிலிருந்து செய்திருக்கிறார் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்பது அவருடைய வசனம். என் பேச்சைத் தனக்கு எடுத்துக்கொண்டு, தன் பேச்சை என் வாயில் திணித்துவிட்டார்.

ஈய நாடாவை வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து புதிதாக வந்த ஒரு பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார். நாத்தனார் எதிரில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் போனில் இருபத்தி நாலாவது கட்டுரையைத் திறந்து மேஜையில் வைத்தேன்.

"இது யாருங்க, இந்த ரோஸ் கலர் கேட்டவ?"

அவர் அசடு வழியச் சிரித்தார்.

"அட, அது சும்மா ஒரு சுவாரசியத்துக்கு எழுதினது. படிக்கிறவங்களுக்கு இடையில ஒரு சிரிப்பு வேணாமா?"

"சிரிப்பு வேணும்னா உங்களைப் பத்தி எழுதியிருக்கலாமே. முடியில்லாத தலையைச் சீவ முடியலைன்னு அழுதிருக்கீங்க, அதைவிடவா சிரிப்பு?"

நாத்தனார் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுப் போனை இழுத்துப் படித்தாள்.

"அண்ணே," என்றாள் மெதுவாக, "அந்த வாரம் பூரா அண்ணிக்குப் பின்னிவிட்டது நான்."

"சரி சரி. இப்ப என்ன ஆயிடுச்சு? நமக்குள்ள என்னோடது உன்னோடதுன்னு இருக்கா? குடும்பம்னா எல்லாம் ஒண்ணுதானே."

"ஒண்ணுதான்னா பாக்கெட்டுல என் போட்டோவைப் போட்டிருக்கலாமே. அதுவும் ஒண்ணுதானே?"

"நீ சொன்னேன்னு எழுதினா யாரு நம்புவா, சொல்லு. பல் செட் செய்யிற ஒரு பொம்பள ஸ்ட்ரிங்கைப் பத்திச் சொல்றான்னா எவன் வந்து படிப்பான்? நான் உன்னைக் காப்பாத்தித்தான் எழுதினேன்."

காப்பாற்றினாராம். கோபம் வந்தால் நான் கத்துகிற ஆள், ஆனால் அன்றைக்கு நாத்தனாரிடமிருந்து போனை வாங்கி அணைத்துவைத்தேன். அவருக்கு நான் பொய்யாகப் படவில்லை, அதுதான் வேதனை. என் கை உண்மையைச் சொல்கிறது என்று இந்த உலகத்தில் அவருக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்திருக்கிறார்.

பார்சலைப் பற்றி அவரே சொன்னார், சொல்லாமல் தீராது. நரம்புக் கம்பெனி மூன்று மட்டைகளும் நம்பர் மட்டும் போட்ட மூன்று சுருள்களும் அனுப்பியிருந்தது. மூன்றும் புது வகை. எது சந்தைக்கு வர வேண்டும் என்று ஸ்ட்ரிங் நிபுணர் முடிவுசெய்ய வேண்டுமாம். சனிக்கிழமை காலை கம்பெனிக்காரர் கிளப்புக்கு வருகிறார். எல்லா உறுப்பினர்களுக்கும் முன்னால், எது எந்த நம்பர் என்று தெரியாமல் ஆடிப் பார்த்து நிபுணர் கருத்துச் சொல்ல வேண்டும். அதைப் படமும் எடுப்பார்களாம்.

"நீ வெள்ளிக்கிழமை காலையில ஒரு தடவை ஆடிப் பார்த்துச் சொல்லிட்டா போதும். நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன். இந்த ஒரு தடவை."

நாத்தனார் கத்தியை மேஜையில் வைத்தாள். "செய்யாதீங்க அண்ணி," என்றாள்.

எனக்கும் செய்யக் கூடாது என்றுதான் இருந்தது. ஆனால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று புதுச் சுருள்களைப் பார்த்ததும் என் கை துறுதுறுத்தது. இதுவரை யாரும் தொட்டுப் பார்க்காத நரம்பு. கடைசியில் நான் ஒரு நிபந்தனை போட்டேன்.

"செய்யிறேன். ஆனா சனிக்கிழமை, எல்லார் முன்னாடியும், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு வரி சொல்லணும். 'ஆடிப் பார்த்துச் சொல்றது என் மனைவி, எழுதுறதுதான் நான்.' அவ்வளவுதான். படத்தை நீங்களே வெச்சுக்குங்க, தொப்பியையும் நீங்களே வெச்சுக்குங்க."

"இவ்வளவுதானா? தாராளமா சொல்றேன்," என்றார். தங்கை முன்னால் வைத்துச் சொன்னார்.

மூன்று மட்டைகளையும் மறுநாளே கூடத்துக்கு எடுத்துப் போனேன். முந்நூற்று ஒன்று, முந்நூற்று நாலு, இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. வீட்டில் மீதி இருந்த ஈய நாடாவை ஒட்டி மூன்றையும் முந்நூற்று நாலுக்கு ஏற்றினேன். அவர் கட்டிமுடித்து, மட்டைகளின் அடிமூடியில் பென்சிலால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி என்று கண்ணுக்குத் தெரியாத அளவில் வைத்தார். எந்தப் புள்ளிக்கு எந்த நம்பர் நரம்பு என்று தெரிந்துகொள்ளத்தான்.

வெள்ளிக்கிழமை காலை நானும் நாத்தனாரும் ஆடினோம். ஒன்றாம் நம்பர் மெத்தென்று இருந்தது, பந்து நன்றாகத் தங்கியது, ஆனால் சீக்கிரம் கலைந்தது. இரண்டாம் நம்பர் வெறும் கல். பந்து சுழன்று பறந்தது, ஒவ்வோர் அடியும் முழங்கைக்குள் மணி அடித்தது. மூன்றாவதுதான் அருமை. தப்பாக அடித்தால் தப்பு என்று உடனே சொல்லிவிடும், ஆனால் வலிக்காமல் சொல்லும். அவர் எல்லாவற்றையும் எழுதி, குளிக்கும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அன்று மாலை கம்பெனியிலிருந்து ஆள் வந்து, எடை சரிபார்க்க வேண்டும் என்று மட்டைகளை வாங்கிக்கொண்டு போனான்.

சனிக்கிழமை கிளப்பில் நல்ல கூட்டம். கடைக்காரர்கூடக் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். கம்பெனிக்காரர் சின்ன வயசுக்காரர், கையில் அட்டையும் படிவமும், பேச்சில் பணிவு. மட்டைகள் மூன்றும் ஒரு மேஜையில் துணி விரித்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் நின்ற நான் பழக்கத்தில் குனிந்து பார்த்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

முடிச்சு அவருடையது இல்லை. வால் ஒரு விரல் நீளம், நேராக வெட்டியிருந்தது. மூன்று மட்டையிலும் அப்படித்தான். ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய நரம்பை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அதில் சூது ஒன்றும் இல்லை. கட்டி ஒரு நாள் ஆனாலே இறுக்கம் குறைந்துவிடும் என்பதால், சோதனைக்கு எப்போதும் புதிதாகத்தான் கட்டுவார்கள். ஆனால் எந்த மட்டையில் எந்த நம்பர் என்பது இப்போது கட்டியவருக்கு மட்டும்தான் தெரியும். இருபது வருஷமாக நரம்பு கட்டுகிற மனிதர், தன் முடிச்சைத் தானே ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். அவர் முடிச்சைப் பார்க்கவில்லை. மட்டையைத் தலைகீழாகத் திருப்பி, புள்ளியைப் பார்த்தார். முகத்தில் நிம்மதி பரவியது.

என்னங்க, முடிச்சைப் பாருங்க என்று காதில் சொல்லியிருக்கலாம். இரண்டு எட்டு எடுத்து வைத்தால் போதும். சொல்லத்தான் நினைத்தேன். அவர் அந்த ஒரு வரியைச் சொல்லட்டும், உடனே சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். மூணு வருஷம், நாற்பத்தியோரு ஸ்ட்ரிங்," என்றார். "எல்லாத்துக்கும் சாட்சி என்னோட இந்தக் கைதான்."

கையை உயர்த்தியும் காட்டினார். கூட்டம் கைதட்டியது. நாத்தனார் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அடுத்ததாகச் சொல்வாரோ, கடைசியாகச் சொல்வாரோ என்று. அவர் என் பக்கமே திரும்பவில்லை. ஒற்றைப் புள்ளி மட்டையை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குள் போய்விட்டார். நான் எடுத்துவைக்க இருந்த எட்டை எடுத்துவைக்கவில்லை.

பத்துப் பந்து அடித்தார். நின்ற இடத்திலேயே எனக்குச் சத்தம் கேட்டது. டங், டங் என்று. அது இரண்டாம் நம்பர், கல்.

"மெத்துன்னு இருக்கு," என்றார் என் வீட்டுக்காரர். "பந்து நல்லா தங்குது. ஆனா சீக்கிரம் கலைஞ்சுடும்."

கம்பெனிக்காரர் அட்டையைப் பார்த்தார். "உறுதியாவா சார்?"

"என் கை பொய் சொல்லாது தம்பி."

அடுத்த மட்டையைக் கல் என்றார். மூன்றாவதை அருமை என்றார். தப்பாக அடித்தால் வலிக்காமல் சொல்லும் என்று என் வாக்கியத்தைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் கையில் இருந்தது, ஏற்கெனவே நாலு கம்பி கலைந்து கோணிக்கொண்டு நின்ற மெத்து நரம்பு. முன்வரிசையில் இருந்த ஒருவர் அதைக் கவனித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரை இடித்தார்.

கம்பெனிக்காரருக்கு வியர்த்தது. நல்ல மனிதர், யாரையும் அவமானப்படுத்த வந்தவர் இல்லை. "சார், ஒண்ணுகூடப் பொருந்தலையே," என்றார் தணிந்த குரலில். "உங்க கட்டுரை எல்லாத்தையும் எங்க லேப்ல மிஷின்ல வெச்சு ஒத்துப் பார்த்தோம் சார். ஒண்ணுலகூடத் தப்பு இல்ல. அதை நம்பித்தான் வந்தோம். இன்னைக்கு என்ன ஆச்சு?"

நாற்பத்தொன்றையும் மிஷினில் வைத்துப் பார்த்தார்களாம். ஒன்றிலும் தப்பு இல்லையாம். மூன்று வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு, அதையும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

"ராத்திரி சரியா தூக்கமில்ல. கையும் கொஞ்சம் வலி," என்று சப்பைக்கட்டுக் கட்டினார் அவர். இப்போது மட்டும் என் பக்கம் திரும்பினார். கண்ணாலேயே கெஞ்சினார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஷூவை மாட்டினேன். யாரையும் கேட்கவில்லை. மட்டையைக் கையில் எடுத்தேன், நாத்தனார் எதிர்ப்பக்கம் ஓடினாள். யாரோ ஓர் இளவட்டம், "அக்கா, ரோஸா?" என்று ஆரம்பித்து, நாத்தனார் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டது.

மட்டைக்குப் பத்துப் பந்து அடித்தேன். கம்பெனிக்காரரிடம் வந்தேன்.

"இது ரெண்டாம் நம்பர் சுருள். இதை விக்காதீங்க, வாங்குறவங்க முழங்கை போயிடும். இது மூணு. அது ஒண்ணு. மூணைத்தான் கொண்டுவரணும். ஆனா குறுக்குக் கம்பியை ஒரு சுற்று தளர்த்திக் கட்டச் சொல்லுங்க, இப்ப ஓரத்துல பட்டா கொஞ்சம் அதிருது."

அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"அப்புறம் இந்த மட்டையில தலைப்பக்கம் நான் ஒட்டின ஈயத்தை எடுத்துட்டு வேற ஒட்டியிருக்கீங்க. ஒரு கிராம் கூட இருக்கு. அப்படி வெச்சுக்கிட்டு மூணையும் ஒப்பிட்டா கணக்கு தப்பாகும்."

கம்பெனிக்காரர் பையிலிருந்து சின்னத் தராசை எடுத்தார். மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் அந்த மட்டை ஒரு கிராம் கூடுதலாகக் காட்டியது. கட்டும்போது நாடா கிழிந்துவிட்டதாம், வேறு துண்டு ஒட்டினார்களாம், மறுபடி நிறுத்துப் பார்க்க மறந்துவிட்டார்களாம்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கடைக்காரர் முன்னால் வந்து நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். இதோ, அந்தக் கை இவளுடையதுதான் என்று சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன். இதற்கு மேல் சொல்லாமல் இருக்க வழியே இல்லை.

கம்பெனிக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக என் வீட்டுக்காரரிடம் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அற்புதம் சார். மேடத்தை எவ்வளவு நல்லா தயார் பண்ணியிருக்கீங்க."

நான் அவரைப் பார்த்தேன். கடவுளே, இப்போதாவது என்று பார்த்தேன். இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனிதர். ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு இதைவிட நல்ல இடம் இனி வாழ்நாளில் வராது.

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"கொஞ்சம் கொஞ்சமா பழக்கினதுதான் தம்பி," என்றார். "பொறுமை வேணும்."

எனக்குக் கோபம்கூட இல்லை, ஒரு தெளிவு. கம்பெனிக்காரரின் அட்டையில் செருகியிருந்த படிவத்தை உருவினேன். 'சோதித்தவர்' என்ற இடத்தில் என் வீட்டுக்காரர் பெயரை முன்கூட்டியே டைப் அடித்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்த பேனாவையே எடுத்து, அந்தப் பெயரைக் குறுக்கே அடித்து, மேலே என் பெயரை எழுதினேன்.

"மேடம், அதுல ஏற்கெனவே…" என்றார் கம்பெனிக்காரர்.

"உங்க லேப்ல ஒத்துப் பார்த்தீங்களே நாற்பத்தியொண்ணு, அதெல்லாம் என் கை சொன்னது தம்பி. நம்ப முடியலைன்னா எதை வேணும்னாலும் கட்டிக் கொண்டுவாங்க, இங்கயே சொல்றேன். அவர்கிட்டயும் குடுங்க, அவரும் சொல்லட்டும்."

நாத்தனார் வலையைச் சுற்றி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள். என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"எதுவா இருந்தாலும் வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

நான் எல்லோருக்கும் கேட்கும்படியே பதில் சொன்னேன்.

"வீட்டுலதாங்க மூணு வருஷமா பேசினேன். அதை நீங்க வெளியில கொண்டுவந்து வித்துட்டீங்க. இனிமே நான் வெளியிலயே பேசிக்கிறேன்."